நாற்பத்தொன்பது அடுப்பு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் யோசித்துவிட்டேன். ஒவ்வொரு ஆடி மாதமும் எழுத உட்காருவேன், நாலு வரி எழுதியதும் பேனாவை மூடி வைத்துவிடுவேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். செங்கல்பட்டில் மைக் செட் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தேன். மற்றவர்கள் பேசுவதை ஊருக்குக் கேட்க வைப்பதுதான் என் பிழைப்பு. நானாகப் பேசிப் பழக்கம் இல்லை.

அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்று உண்டு. நான் சொல்லப் போவது ஒரு நல்ல மனிதர் செய்த பிழையைப் பற்றி. அவர் காலமாகிவிட்டார். இப்போது அவரைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் அந்தப் பிழையைச் சாமர்த்தியம் என்று மாற்றிச் சொல்கிறார்கள். "வேண்டுமென்றே ஒரு பொய்க் கணக்கைச் சொல்லி ஊரையே மடக்கினார்" என்று, நான் ஒயர் இழுத்துக் கட்டிய மேடையிலேயே, என் ஒலிபெருக்கியிலேயே பேசினார்கள். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் சும்மா இருந்தேன். மறுத்துச் சொன்னால் அவர் பெயரைக் கெடுக்கிறான் என்பார்களோ என்ற பயம். போன கிருத்திகையன்று விளக்கேற்றிவிட்டு என் மனைவி சொன்னாள், "நடந்தத நடந்தபடி எழுதிடுங்க. முருகன் பாத்துக்குவான்." அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

அவர் வக்கீல். செங்கல்பட்டு கோர்ட்டில் நிலத் தகராறு வழக்குகள் நடத்திக்கொண்டிருந்தவர், தொண்ணூறுகளில் டெல்லியில் மேல்சபைக்கு உறுப்பினராகப் போனார். நாம் நேராக ஓட்டுப் போட்டு அனுப்புகிற சபை இல்லை அது, சட்டமன்றத்துக்காரர்கள் தேர்ந்தெடுத்து அனுப்புவது. நான் அவரை ஐயா என்பேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அவர் என்னை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "மைக்கு" என்பார்.

டெல்லிக்கு ரயில் ஏறுவதற்கு முந்தின சாயங்காலம் என் கடைக்கு வருவார். ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரைப் போடச் சொல்லி, மைக்கைப் பிடித்துக்கொண்டு, சபையில் பேசப் போவதைத் தமிழில் ஒரு தடவை பேசிப் பார்ப்பார். வீட்டில் பேசினால் அவர் மனைவி சிரித்துவிடுகிறார்களாம்.

"அங்க நமக்கு ரெண்டு மூணு நிமிஷம்தான் மைக்கு. மணி அடிச்சிடுவாங்க. அதுக்கு மேல பேசினா மைக்க அணைச்சிடுவாங்க" என்றார் முதல் தடவை.

"பேசினுகிறப்பவேவா?"

"பேசினுகிறப்பவேதான்."

"அது பாவங்க ஐயா. கல்யாண வூட்டுல குடிச்சிட்டு வந்து மைக்கப் புடுங்கறவனக்கூட ஒரு பாட்டு பாடவுட்டுதான் நான் அணைக்கிறேன்."

"அப்ப உன்னத்தான் சபைத் தலைவராக்கணும்" என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

ஐயா கோயிலுக்குள் வந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அது மனதில் ஒரு உறுத்தல். பௌர்ணமிக்குத் திருக்கழுக்குன்றத்தில் மலை சுற்றும்போது அவர் பெயருக்கும் ஒரு சூடம் ஏற்றுவேன். அவருக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. "எனக்கும் சேத்து சுத்திட்டு வந்தியா மைக்கு? அதான் காலைலேர்ந்து கால் வலிக்குது" என்பார்.

எங்கள் ஊர்க்காரர்கள் அவரிடம் எதிர்பார்த்தது ரயில் கூடுதலாக நிற்க வேண்டும், ஏரி மதகைச் சரிசெய்ய வேண்டும் என்பது போன்ற காரியங்கள்தான். அதையெல்லாமும் கேட்டார். ஆனால் என் கடையில் அவர் திரும்பத் திரும்பப் பேசிப் பார்த்தது வேறு. கடல் தாண்டி வந்த இலங்கைத் தமிழர்களைப் பற்றிப் பேசுவார். அகதி என்று வந்தவருக்கு நம் நாட்டில் தனியாக ஒரு சட்டமே கிடையாது, இரக்கம் இருக்கிற அதிகாரி கிடைத்தால் அகதி இங்கே இருப்பான், இல்லாவிட்டால் போவான், ஒரு மனிதனின் வாழ்வு இன்னொருவரின் மனநிலையில் தொங்கலாமா என்று கேட்பார். மதுராந்தகம் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போகிறவர்களைப் பற்றிப் பேசுவார். பிறகு கடல். கரை வருடா வருடம் உள்ளே வந்துகொண்டிருக்கிறது, உலகமே சூடேறிக்கொண்டிருக்கிறது, கடல் வீட்டை எடுத்துக்கொண்டவன் எல்லை தாண்டாமலே அகதியாகிறான் என்பார். அப்போது இங்கே யாருக்கும் பருவநிலை என்ற வார்த்தையெல்லாம் பழக்கமில்லை.

டீக்கடையில் கேலி செய்வார்கள். "வக்கீலு டெல்லி வரைக்கும் போயி வெயில் அடிக்குதுன்னு சொல்லினு கீறாராமே? அத்த கருங்குழியில சொல்லியிருந்தாலே ஒத்துக்கினு இருப்பாங்களே!" இன்னொருவர் சொல்வார், "ஓட்டு இல்லாத அகதிக்கும் பேசறாரு, ஓட்டு போடாத கடலுக்கும் பேசறாரு. பொழைக்கத் தெரியாத மனுசன்."

இனி நான் சொல்ல வேண்டிய இடத்துக்கு வருகிறேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரையில் ஒரு மீனவக் குப்பம். அந்த ஊர் அம்மன் கோயிலுக்கு ஆடித் திருவிழாவில் மைக் செட் என்னுடையதுதான். ஊருக்கு வடக்கே மணல்மேட்டில், தூண்கள் மேல் நின்ற மாடிக் கட்டடம் ஒன்று உண்டு. புயல் வந்தால் ஊர் ஜனம் ஏறித் தங்குவதற்காக அரசாங்கம் கட்டியது. இலங்கையிலிருந்து மக்கள் படகு படகாக வந்தபோது இடமில்லாமல் பதினோரு குடும்பங்களை அந்தக் கட்டடத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். சில மாதம் என்றுதான் சொன்னார்கள். ஒரே கூடத்தில் சேலைகளைக் குறுக்கே கட்டி, பதினோரு வீடு ஆக்கிக்கொண்டு வருடக்கணக்கில் இருந்தார்கள்.

முதலில் ஊர் அவர்களுக்கு மீன் கொடுத்தது, துணி கொடுத்தது. பிறகு நம் மாவட்டத்து மண்ணிலேயே, தேர்தல் கூட்டத்துக்கு வந்த முன்னாள் பிரதமரைக் குண்டு வைத்துக் கொன்ற அந்தப் பெரிய படுகொலை நடந்தது. அதற்குப் பிறகு எல்லோருடைய முகமும் மாறிவிட்டது. கூடவே இன்னொரு நியாயமான வருத்தமும் ஊருக்கு இருந்தது. கடல் முதல் வரிசை வீடுகளைத் தின்றுவிட்டது. இரண்டாவது வரிசைச் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தது. ஊர்த் தலைவர் பெரிய மனிதர், வயதானவர், வீண் பேச்சு பேசாதவர். அவரே என்னிடம் சொன்னார்:

"எங்க அப்பன் கட்டுன வூடு இப்ப தண்ணிக்குள்ள கீது. எங்களுக்குன்னு கட்டுன கட்டடத்துல வேற ஜனம் கீது. நாங்க எங்க போய் ஏறறது? அவங்கமேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா அவங்க வேற முகாமுக்குப் போவட்டும். உள்நாட்டுல எவ்வளவோ எடம் கீது."

அந்தக் கட்டடத்தில் ஒரு பெண் இருந்தாள். சின்ன வயது, ஒரு பெண் குழந்தை. தையல் தெரிந்தவள். என் ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு உறை தைத்துக் கொடுத்ததில் பழக்கம். என்னை அண்ணை என்பாள். புறப்பட்ட அன்றைக்குப் படகில் இடம் போதாமல், அவள் கணவன் அடுத்த படகில் வருகிறேன் என்று கரையிலேயே நின்றுவிட்டாராம். வரவில்லை. நம் நாட்டில் வந்து இறங்கியதும் எல்லோரையும் வேறு வேறு முகாமுக்குப் பிரித்து அனுப்பும்போது, தன் ஊர்க்காரர் ஒருவரிடம் இந்தக் கரையின் பெயரைச் சொல்லி, "அவர் வந்தால் இதைச் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

வேறு முகாமுக்கு அனுப்பப் போகிறார்கள் என்ற பேச்சு வரும்போதெல்லாம் அவளுக்குச் சோறு இறங்காது. "எங்க கொண்டு போய் விட்டாலும் இருக்கலாம் அண்ணை. எனக்கு வசதி வேண்டாம். ஆனால் அவர் வந்தால் இஞ்சதானே தேடுவார். நான் இஞ்ச இல்லையெண்டால் அவர் எந்தக் கரையில போய்க் கேக்கிறது?" என்றாள். குழந்தையின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு வந்தேன்.

ஐயா சபைக்குப் போன சில வருடங்களில், ஒரு கார்த்திகையில் புயல் வந்தது. ஊர்க்காரர்கள் கூப்பிட்டதால் ஒரு ஆட்டோவில் கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, எல்லோரும் கட்டடத்துக்கு வந்துவிடுங்கள் என்று கரையோரமாகச் சொல்லிக்கொண்டு போனேன். அப்படியே மாட்டிக்கொண்டேன். ஐயாவும் தன் பழைய அம்பாசிடரில் கரையைப் பார்க்க வந்து, திரும்ப முடியாமல் மேலே ஏறிவிட்டார். குப்பத்து ஜனம் முழுக்க அந்த மாடியில். சேலைத் தடுப்புகளையெல்லாம் முகாம்காரர்களே அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிட்டார்கள். யார் எந்த ஊர் என்று தெரியாமல் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கிடந்தோம். நான் கந்தர் மேல் பாரத்தைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுநாள் முற்பகலில் காற்று அடங்கியது. பெண்கள் எழுந்து, நாலு பக்கத்துத் தாழ்வாரத்திலும் மூன்று மூன்று செங்கல் வைத்து, அவரவர் குடும்பத்துக்குக் கஞ்சி காய்ச்ச ஆரம்பித்தார்கள். ஐயா ஒரு முனையிலிருந்து நடந்து அடுப்புகளை எண்ணினார். அதற்குக் காரணம் உண்டு. அந்தக் குப்பத்தில் ஒரு அடுப்பு என்றால் ஒரு தலைக்கட்டு. மகன் கல்யாணம் செய்து தனியாக அடுப்பு மூட்டினால் அன்றையிலிருந்து அவன் தனித் தலைக்கட்டு, ஊர்ப் பங்கும் கடமையும் தனி. அந்த ஊர் வழக்குகளை நடத்தியவர் என்பதால் ஐயாவுக்கு அந்த வழக்கம் நன்றாகத் தெரியும். அடுப்பை எண்ணினால் ஊரை எண்ணினதாக அர்த்தம். நாற்பத்தொன்பது.

அவர் தூங்கவில்லை. ஜுரம் வேறு. தடுப்புச் சேலைகள் இல்லாததால் எது முகாம், எது குப்பம் என்று பிரித்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. இதுதான் அந்தப் பிழை. இதற்கு மேல் அதில் ஒரு மர்மமும் இல்லை.

பங்குனியில் சபை கூடியபோது அவர் பேசினார். குப்பத்தின் பெயரைச் சொல்லி, எங்கள் கடற்கரையில் ஒரு ஊர், அதில் நாற்பத்தொன்பது அடுப்பு, அந்த அடுப்புகளைக் கடல் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வருகிறது, வீடிழந்து உள்ளே நகர்கிறவர்களுக்குச் சட்டத்தில் என்ன பெயர் என்று கேட்டார். ஒரு தமிழ்ப் பேப்பரில் மூலையில் நாலு வரி போட்டார்கள். அன்றைக்குக் கோயிலின் குழாய் ஒலிபெருக்கியைச் சரிசெய்ய நான் குப்பத்துக்குப் போயிருந்தேன். டீக்கடையில் ஒருவர் உரக்கப் படித்தார்.

"நம்ம ஊரப் பத்திப் பேசிக்கிறாருடா வக்கீலு! டெல்லியில!"

"இன்னா சொல்லிக்கிறாரு?"

"நாப்பத்தொன்பது அடுப்பாம்."

"ஏது நாப்பத்தொன்பது? நாம முப்பத்தெட்டு தானே? நீ எப்ப பதினோரு கல்யாணம் பண்ணிகினே, மச்சான்?"

சிரிப்பு அடங்குவதற்குள் ஒருவருக்குப் புரிந்துவிட்டது. கிளாசை வைத்துவிட்டு மணல்மேட்டுப் பக்கம் கையைக் காட்டினார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. இன்றைக்கு அவர்களை நம் கணக்கில் சேர்த்தார், நாளைக்குக் கரையில் பங்கு கேட்பார்கள், அந்தக் கட்டடம் அவர்களுடையது என்றே எழுதிவிடுவார்கள் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். ஊர்த் தலைவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"மைக் செட்டு, நீ அவருக்கு வேண்டியவன். போய் சொல்லு. எங்களுக்கு அவர்மேல மரியாத கீது. ஆனா ஊர்க் கணக்கு அம்மனுக்குச் சொல்ற கணக்கு. அத்த தப்பா சொல்லக் கூடாது. சபையில சொன்னத சபையிலயே மாத்தச் சொல்லு."

ஐயா ஊர் திரும்பியதும் போய்ச் சொன்னேன். பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. கேட்டதும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கோர்ட்டில் ஒரு சர்வே எண் தப்பானாலே எதிர்த்தரப்பு வக்கீலை விடமாட்டாராம். அந்த மனிதர் முகம் வெளுத்துப்போய், "எண்ணிட்டேனே மைக்கு, எல்லாத்தையும் சேத்து எண்ணிட்டேனே" என்றார்.

பிறகு நிதானமாகச் சொன்னார். சபையில் ஒரு உறுப்பினர் தவறாக ஒன்றைச் சொல்லிவிட்டால், தலைவரிடம் அனுமதி கேட்டு, எழுந்து நின்று, இது என் பிழை என்று அவரே திருத்த வேண்டும்.

"திருத்துனா என்னங்க ஆவும் ஐயா?"

"அந்தப் பதினோரு குடும்பம் அந்த ஊரைச் சேர்ந்தவங்க இல்ல, ஊருக்குன்னு கட்டின கட்டடத்துல இருக்காங்கன்னு நான் வாயத் திறந்து சொல்லணும். சொன்னா அரசாங்கம் சும்மா இருக்க முடியாது. காலி பண்ண வெப்பாங்க."

எனக்கு அந்தப் பெண்ணின் முகம் வந்து நின்றது. "அப்ப சொல்லாம வுட்டுடுங்களேன் ஐயா. யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன்.

"எனக்குத் தெரியுமே" என்றார்.

ஆடி மாதம் சபை கூடுவதாக இருந்தது. குப்பத்தில் அம்மனுக்குக் காப்புக் கட்டும் நாள் அதற்கு முன்னால் வந்தது. முந்தின சாயங்காலம் ஐயா கடைக்கு வந்து, அந்தத் திருத்தத்தைப் பேசிப் பார்த்தார். நான் கேட்டேன். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கேட்டவன் நான் ஒருவன்தான். "அந்தப் பதினோரு குடும்பங்களும்" என்பது வரைக்கும் வந்து நிறுத்திவிட்டார். மூன்று தடவை ஆரம்பித்தார். பிறகு மைக்கைக் கீழே வைத்துவிட்டு, "நாளைக்கு நானும் வரேன். அது அவங்க கணக்கு. அவங்க வாயால ஒரு தடவ சொல்லட்டும், நான் கொண்டு போய்ச் சொல்றேன்" என்றார். தந்திரம் செய்கிறவரின் முகம் எனக்குத் தெரியும், எத்தனையோ மேடை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவர் முகம் அப்படி இல்லை.

காப்புக் கட்டும் நாளில் அங்கே ஒரு வழக்கம். ஊர்த் தலைவர் அம்மன் முன் நின்று, இந்த வருடம் இத்தனை தலைக்கட்டு என்று சொல்வார். ஒவ்வொரு தலைக்கட்டும் கூழுக்கு ஒரு படி கேழ்வரகு மாவோ நொய்யோ கொண்டுவந்து கொட்டும். வெளியூர்க்காரர்கள் எத்தனை பேர் வந்தாலும் கூழ் குடிக்கலாம், ஆனால் மாவு கொடுக்க முடியாது. முகாம்காரர்களும் வருடா வருடம் வரிசையின் கடைசியில் நின்று குடித்துவிட்டுப் போவார்கள்.

மத்தியானம், நல்ல கடல் காற்று. ஆண்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் ஓரமாக நின்றார்கள். ஐயா எழுந்து கைகூப்பினார். "நான் தப்பா எண்ணிட்டேன். மன்னிச்சிடுங்க. 'அந்தப் பதினோரு அடுப்பு எங்க ஊர் இல்ல'ன்னு நான் சபையில சொல்லணும். அத உங்க தலைவர் இங்க சொல்லட்டும். அப்படியே கொண்டு போய்ச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நான் மைக்கைத் தலைவர் கையில் கொடுத்தேன்.

அவர் அம்மனைப் பார்த்துத் திரும்பி நின்றார். "தாயே, இந்த வருசம் முப்பத்தெட்டு தலக்கட்டு. அந்தப் பதினோரு அடுப்பு..." என்று ஆரம்பித்தார்.

"மாமா" என்று ஓரத்திலிருந்து ஒரு குரல். தலைவரின் மருமகள். ஊர்க் கூட்டத்தில் பெண்கள் பேசும் வழக்கமில்லை. எல்லோரும் திரும்பினார்கள்.

"அம்மன் முன்னால பாதி சொல்லக் கூடாது மாமா, அதான் சொல்றேன். பொயலு அன்னிக்கு என் தீப்பெட்டி நனைஞ்சி போச்சு. அந்த தையக்காரப் பொண்ணு அடுப்புலேர்ந்துதான் கொள்ளி எடுத்தேன். நீங்க குடிச்ச கஞ்சி அந்த நெருப்புல காச்சினது."

இது வெளியாட்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியும். அந்தக் கரையில் ஒருவனை ஊரை விட்டு ஒதுக்கி வைப்பது என்றால், அவனுக்கு நெருப்பும் தண்ணீரும் கொடுக்கவும் மாட்டார்கள், வாங்கவும் மாட்டார்கள். ஒரு அடுப்பிலிருந்து நெருப்பு வாங்கிவிட்டால் அந்த அடுப்பு ஊரைச் சேர்ந்தது.

முன் வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். "பொம்பளைங்க எதுக்கு நடுவுல பேசறீங்க?"

"கஞ்சிய உறிஞ்சறப்ப எந்த நெருப்புன்னு கேட்டியா நைனா நீ?" என்றாள் மீன் கூடை வைத்திருந்த ஒரு கிழவி. "நானும் அங்கதான் வாங்கனேன். சொல்லட்டுமா இன்னும் யார் யாருன்னு?"

"எங்க வூட்டுதும்தான்" என்று இன்னொரு குரல். பிறகு இன்னொன்று. ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு எல்லோர் தீப்பெட்டியும் நனைந்துதானே போயிருக்கும் என்று அதுவரை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. முகாம்காரர்கள் மட்டும் உள்ளேயே இருந்தவர்கள். அவர்களிடம்தான் காய்ந்த தீக்குச்சி இருந்தது.

தலைவர் மைக்கைக் கை மாற்றினார், அது கரகரவென்று சத்தம் போட்டது. நான் ஒலியைக் குறைத்தேன். அவர் கடலைப் பார்த்துத் திரும்பினார். அவருடைய அப்பா கட்டிய வீடு இருந்த பக்கம் அது.

"நெருப்ப வாங்கினு, நீ ஊரு இல்லன்னு சொன்னா, தாயி நம்மள ஊரா வெச்சிருப்பாளா?" என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். "மைக் செட்டு, நீ போ. அவங்கள மாவு எடுத்தாரச் சொல்லு."

நான் மணல்மேட்டில் ஏறினேன். அவர்கள் எல்லோரும் படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். என் ஒலிபெருக்கி அவ்வளவு தூரம் எட்டும். அந்தப் பெண் முதல் படியில் இருந்தாள். கண்ணைத் துடைக்கக்கூட இல்லை.

"எங்களிட்டக் குரக்கன் இல்லையே அண்ணை. அரிசிதானே தாறவை" என்றாள். கேழ்வரகை அவர்கள் குரக்கன் என்பார்கள்.

கீழே வந்து அதைச் சொன்னேன். கிழவி முந்திக்கொண்டாள். "ரேசன் அரிசி பாதி நொய்தானே! கூழுக்கு நொய் வோணும். எடுத்தாரச் சொல்லு, இன்னும் யோசிச்சினு நிக்கிறியே."

பதினோரு பெண்கள் ஆளுக்கு ஒரு படி அரிசி கொண்டுவந்து அண்டாவில் கொட்டினார்கள். தலைவர் மைக்கை எடுத்து, "தாயே, நாப்பத்தொன்பது" என்றார். அவ்வளவுதான். ஆரவாரம் ஒன்றும் இல்லை. இரண்டு பேர் முணுமுணுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

திரும்பும்போது காரில் கேட்டேன், "இனிமே திருத்தறதுக்கு ஒண்ணும் இல்லீங்களே ஐயா?"

"இருக்கு. நான் சொன்ன அன்னிக்கு அது தப்புதான்" என்றார்.

சபையில் எழுந்து அனுமதி கேட்டுச் சொன்னாராம். நான் அன்று தவறாக எண்ணினேன், முப்பத்தெட்டுதான், என் பிழை என்று முதலில். பிறகு, அந்த ஊரே தன் தெய்வத்தின் முன் நின்று மற்றப் பதினொன்றையும் சேர்த்துக்கொண்டது, ஒரு குப்பம் செய்ததை நாடு செய்யக் கூடாதா என்று. ஊர் வந்ததும் கேட்டேன், "முழுசா சொல்ல வுட்டாங்களா ஐயா?"

"'என் பிழை' வரைக்கும் கேட்டுது" என்றார். "அதுக்கப்புறம் மணி அடிச்சிட்டாங்க." சிரிக்க முயற்சி செய்தார். அவர் அப்படி உடைந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அன்றைக்கு ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, மீதியை இங்கேயாவது பேசிவிடுங்கள் என்று சொல்ல நினைத்தேன்.

அதிகாரிகள் விசாரிக்க வந்தார்கள். ஊர்த் தலைவர் கட்டடத்துப் படியில் உட்கார்ந்துகொண்டு, "எங்க தலக்கட்ட நாங்க அனுப்ப மாட்டோம். பொயலு வந்தா எல்லாரும் ஒண்ணா ஏறிக்கிறோம்" என்றார். ஐயா பக்கத்தில் நின்றார். அவர்களை யாரும் அசைக்கவில்லை.

வருடங்கள் போயின. இலங்கையில் சண்டை நின்றிருந்த காலத்தில், ஒரு நாள் ஒரு பெரியவர் குப்பத்துக்கு வந்தார். இந்தக் கரையின் பெயரை யாரோ சொல்லி, அதைக் கேட்டுக் கேட்டு வந்தவர். அந்தப் பெண்ணின் கணவர் அன்றைக்கு ஏறிய அடுத்த படகு கரை சேரவே இல்லை என்பதை அவர்தான் கொண்டுவந்து சொன்னார். அவள் அந்தக் கரையில் இருந்ததால் அந்தச் செய்தியாவது அவளைத் தேடி வந்தது. அந்த ஊரில் சாவு விழுந்தால் அடுப்புக்கு ஒருவர் போய் உட்கார வேண்டும் என்பது கட்டளை. உடல் இல்லாத அந்தச் சாவுக்கு அடுப்புக்கு ஒருவர் அந்த மாடியில் ஏறி உட்கார்ந்தார்கள். தலைவரின் மருமகள் அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வருடம் ஐயா காலமானார். செங்கல்பட்டில் அவர் வீட்டு முன் இரண்டு வேன்கள் வந்து நின்றன. குப்பத்திலிருந்து அடுப்புக்கு ஒருவர். வேற்றூர்ச் சாவுக்கு அப்படி வரும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. தையல்காரப் பெண்ணும் வந்திருந்தாள், அவள் அடுப்புக்கு அவள்தானே. எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. எண்ணத் தேவையில்லை. அன்றைக்கு என் கடையில் எந்த மைக்கும் வெளியே போகவில்லை.

பிறகு, கடல் எழுந்து ஊருக்குள் வந்த அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதை எழுத எனக்குத் தெம்பு இல்லை. மேலே கட்டடத்தில் இருந்தவர்கள் படிக்கட்டு வரைக்கும் ஓடிவந்து, சேலைகளை முடிச்சுப்போட்டு இறக்கி, கிடைத்தவர்களை இழுத்துப் போட்டார்கள் என்பது வரைக்கும் சொல்கிறேன். எல்லா அடுப்பும் மறுபடி எரியவில்லை. கடலைப் பற்றி ஐயா சொன்னபோது சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வேறு யாருக்காவது சொல்வதாக இருந்தால் இருக்கிறபடியே சொல்லுங்கள். அவர் தந்திரம் செய்தார் என்று சேர்க்காதீர்கள், அவர் செய்தது பிழை, அதை அவரே பிழை என்று சொன்னார். அம்மன் மருமகள்மேல் வந்து பேசினாள் என்றும் சிலர் சொல்கிறார்கள். நான் பக்கத்தில் இருந்தேன், அவள் தன் சுய நினைவோடு, பயந்துகொண்டேதான் பேசினாள். எழுந்து போன இரண்டு பேரையும் விட்டுவிடாதீர்கள். மணி அடித்த பிறகு அவர் சபையில் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. அந்தப் பகுதியைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்.